அம்மா என்னிடம் சொல்லாத 18 மாதங்கள்

ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 6.1 என்று இருந்தது. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது. டூட்டி டாக்டர் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். கட்டிலில் படுத்திருந்த அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்: “எத்தனை மாசமா இப்படிப் பிளீடிங் இருக்கு?”

எனக்குத் தெரியாது.

அப்போது எனக்கு 22 வயது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. எனக்குக் கேட்கும். ஆறு வயதிலிருந்து அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் நின்று பேசியவன் நான். ரேஷன் கடை, பேங்க், கல்யாண வீடு, ஆஸ்பத்திரி என்று எங்கே போனாலும் என் கையும் வாயும்தான். அம்மாவுக்கு ஒரு தலைவலி வந்தால்கூட எனக்குத் தெரியாமல் இருக்காது என்று நம்பியிருந்தேன். டாக்டர் கேட்டதை அம்மாவிடம் சைகையில் கேட்டேன். அம்மா என் கையைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணால் பேசுகிறவர்கள் முகத்தைத் திருப்பிவிட்டால் அதற்குமேல் கேட்க வழியே கிடையாது.

பதில் மறுநாள்தான் கிடைத்தது. அம்மாவோடு பாளையங்கோட்டைக் காதுகேளாதோர் பள்ளியில் படித்த தோழி ஒருவர் பஸ் பிடித்து வந்தார். காது கேளாதவர்கள் ஒருவரையொருவர் சைகைப் பெயரால்தான் அழைப்பார்கள். இவர் பெயர் கன்னக்குழி. ஆள்காட்டி விரலைக் கன்னத்தில் வைத்து ஒரு திருகு. கன்னக்குழி பெரியம்மா வந்ததும் என்னை டீ வாங்கிவர அனுப்பினார். பிளாஸ்க்கோடு திரும்பி வந்தபோது வார்டு வாசலிலிருந்து பார்த்தேன். ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த கையையும் சேர்த்துத் தூக்கி அம்மா மளமளவென்று பேசிக்கொண்டிருந்தார். அவ்வளவு வேகமாக என்னிடம் அவர் பேசிப் பல நாள் ஆகியிருந்தது. உள்ளே போகாமல் வெளியிலேயே நின்றேன்.

பெரியம்மா ஒரு துண்டுத்தாளில் எழுதி நேராக டாக்டரிடமே கொடுத்தார். பிறகு அந்தத் தாள் ஃபைலோடு என் கைக்கு வந்தது. இன்றும் என்னிடம் இருக்கிறது. “18 மாதம். ஒரு மாதம் 12 நாள் ரத்தம். கட்டி கட்டி. மகன் தெரியாது. மகன் சொல்ல வெட்கம்.”

அந்த 18 மாதத்தில் மூன்று முறை நானே அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறேன். அசதி என்றார், தலைசுற்றல் என்றார். சத்து மாத்திரை எழுதித் தந்தார்கள். “வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?” என்று மூன்று முறையும் டாக்டர் கேட்டார். மூன்று முறையும் நான் அதைச் சைகையில் கேட்டேன், அம்மா இல்லை என்று தலையாட்டினார். ஒரு பெண் தன் மாதவிலக்கைப் பற்றி 22 வயது மகனுடைய வாயால் ஒரு ஆண் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். அந்த வேலையைத்தான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவருக்குக் கொடுத்திருந்தோம்.

கர்ப்பப்பையில் கட்டி. ஃபைப்ராய்டு என்றார்கள். இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றி, உடம்பைத் தேற்றி, ஐந்து வாரம் கழித்துக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அம்மா பிழைத்தார், இன்று நன்றாக இருக்கிறார். அந்த ஐந்து வாரத்திலும் அதற்குப் பின் வந்த ஆண்டுகளிலும் நான் கற்றதை எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். அவர்களில் எத்தனையோ பேருடைய பக்கத்தில் என்னைப் போல ஒரு மகனோ மகளோ தங்கையோ நின்றுகொண்டிருப்பார்கள். முதலில் அவர்களிடம்தான் பேச வேண்டும்.

பிள்ளைகள் மொழிபெயர்க்கும்போது வடிகட்டுகிறோம். வேண்டுமென்றே செய்வதில்லை, ஆனாலும் செய்கிறோம். எனக்குப் பத்து வயது இருக்கும்போது அப்பாவுக்கு மூன்று வாரமாக இருமல். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்தார். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் என்னிடம், “டிபியா இருக்கலாம், சளி டெஸ்ட் எடுக்கணும். அப்பாட்ட இப்ப சொல்லாத, பயந்துருவாரு” என்றார். நான் அப்பாவிடம் சளி என்று மட்டும் சொன்னேன். ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்தவன் நான். டிபி இல்லை என்று முடிவு வந்தது. ஆனால் வருடங்கள் கழித்து ஒருநாள் பேச்சுவாக்கில் இதை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார்: என் உடம்பு. பிறகு என்னைக் காட்டினார்: உனக்குத் தெரியும். திரும்பத் தன்னைக் காட்டினார்: எனக்குத் தெரியாது. கோபமாகக்கூட இல்லை. அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

சின்னப் பிள்ளையை ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்க வைக்கவே கூடாது என்பது என் முடிவு. வளர்ந்த பிள்ளை என்றாலும் உடன் போகலாம், ஃபைல் தூக்கலாம், மாத்திரை வாங்கலாம். டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் நிற்பவர் வெளியாளாக, சைகை மொழி தெரிந்தவராக, பெண்ணுக்குப் பெண்ணாக இருப்பதுதான் சரி.

வெளியாளுக்கு எங்கே போவது? நல்ல கேள்வி. பயிற்சி பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளர்கள் நம் ஊர்களில் மிகவும் குறைவு. எங்களுக்குக் கிடைத்தவர் சிறப்புப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சர். மாவட்டத்துக் காதுகேளாதோர் சங்கத்தில் கேட்டு அவரைப் பிடித்தோம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் விசாரிக்கலாம். ஆள் நேரில் வர வேண்டும் என்பதில்லை, வாட்ஸ்அப் வீடியோ கால் போதும். ஆனால் போனை எடுத்து நீட்டிவிட்டால் மட்டும் போதாது. முதல் தடவை நாங்கள் திணறினோம். டாக்டர் பேசியது டீச்சருக்குக் கேட்கவில்லை, அம்மாவின் கை பாதி திரைக்கு வெளியே போனது, நடுவில் நெட் நின்றது.

இப்போது செய்வது இப்படி. முதல் நாளே டீச்சரோடு அம்மா ஐந்து நிமிடம் பேசி, என்ன பிரச்சினை, என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். உள்ளே போனதும் டாக்டரிடம் அனுமதி கேட்போம். போனைக் கையில் பிடிக்காமல் மேஜையில், டாக்டரின் தோளுக்குப் பக்கமாகத் தெரிகிற மாதிரி ஒரு சின்ன ஸ்டாண்டில் வைப்போம். அப்போதுதான் அம்மாவின் பார்வையில் டாக்டர் முகமும் டீச்சர் கையும் ஒன்றாக இருக்கும். பரிசோதனைக்குத் திரை இழுக்கும்போது கேமராவைத் திருப்பி வைத்துவிட வேண்டும். அதையும் முன்னாலேயே பேசிக்கொள்ள வேண்டும். டீச்சருக்கு அவர் நேரத்துக்கான பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். உதவி என்று வாங்கினால் நாலாவது தடவை கேட்க அம்மாவுக்குக் கூசும்.

“எழுதிக் காட்டினால் போதாதா?” என்று பல டாக்டர்கள் கேட்டிருக்கிறார்கள். நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் தமிழ் என்பது நமக்குக் காது வழியாக வந்து, பிறகு எழுத்தாக ஆனது. அம்மாவுக்கு அது ஒரு ஒலியாக வரவே இல்லை. அவருடைய தாய்மொழி சைகை. அதில் வேற்றுமை உருபு கிடையாது, இடமும் முகபாவமும்தான் இலக்கணம். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், பேப்பர் தலைப்பு வாசிப்பார். “வெறும் வயிற்றில் மாத்திரை சாப்பிடவும்” என்று ஒருமுறை எழுதித் தந்தார்கள். வயிறு தெரியும், சாப்பிடு தெரியும், மாத்திரை தெரியும். “வெறும்” தெரியவில்லை. சாப்பாடு முடிந்ததும் வயிற்றைத் தடவிக்கொண்டு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். பத்து நாள் கழித்துத்தான் கவனித்தேன். எழுதத்தான் வேண்டுமென்றால் சின்னச் சின்ன வாக்கியமாக எழுத வேண்டும். அதைவிட, சூரியன் படம் போட்டு, பக்கத்தில் ஒரு தட்டு வரைந்து, தட்டுக்கு முன்னால் மாத்திரையை வரைந்தால் போதும்.

உதடு பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்பது இன்னொரு நம்பிக்கை. கண்ணாடி முன்னால் நின்று சத்தமில்லாமல் “மருந்து” என்று சொல்லிப் பாருங்கள். பிறகு “பருந்து” என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் உதடு ஒன்றேதான். ம, ப இரண்டுக்கும் உதடு மூடித் திறக்கும். மூக்கில் வரும் ஒலி கண்ணுக்குத் தெரியாது. க, ங போன்றவை தொண்டைக்குள்ளேயே நடந்துவிடும். பிரஷர் மாத்திரையை “மாலை” போடச் சொன்னார் ஒரு டாக்டர். அப்பாவின் கண்ணுக்கு அது “பாலை” என்று விழுந்திருக்கிறது. ஒரு மாதம் தினமும் காலையில் பாலோடு சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் பக்கம் தவறில்லை, அப்பா பக்கமும் தவறில்லை. கொரோனாக் காலத்தில் எல்லோரும் மாஸ்க் போட்டபோது இந்த அரைகுறை வழியும் அடைபட்டுப் போனது. அந்த இரண்டு வருடம் அப்பா ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே மறுத்தார்.

டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும் ஒரு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். காது கேளாதவர்கள் தலையாட்டுவதைப் புரிந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். புரியவில்லை என்றால் எதிரில் இருப்பவர் முகம் சுளிக்கும், பின்னால் வரிசை நிற்கும், யாராவது “ஊமை” என்பார்கள். அந்த உதட்டசைவு மட்டும் அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அதனால் சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். “புரிஞ்சுதா?” என்பதற்குப் பதில் “எப்ப போடுவீங்க, காட்டுங்க” என்று மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்துவிடுங்கள். அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். பேசும்போது ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளாதீர்கள், முகம் இருட்டாகிவிடுகிறது. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசாதீர்கள். “அவங்ககிட்ட சொல்லுங்க” என்று என்னிடம் சொல்லாமல், அம்மாவைப் பார்த்து “உங்களுக்கு” என்று சொல்லுங்கள். அந்த ஒரு மாற்றத்தில் அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஸ்கேன் ரூமைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே எல்லாமே குரலால் நடக்கிறது. எக்ஸ்ரே எடுப்பவர் தடுப்புக்குப் பின்னால் போய் “மூச்சை இழுத்துப் பிடிங்க” என்று சொல்லுவார். அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? இரண்டு முறை படம் கலங்கிப் போனது. மூன்றாவது முறை அவர் கத்தினார். கத்தினால் மட்டும் கேட்குமா? அல்ட்ராசவுண்டு அறையில் விளக்கை அணைத்துவிட்டார்கள். சிஸ்டரின் முகமும் போனது, கையும் போனது. ஜெல் தடவிய வயிற்றோடு இருட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று தெரியாமல் அம்மா விறைத்துப் போய்ப் படுத்திருந்தார். வெளியே வந்தபோது நகம் பதிந்த தடம் உள்ளங்கையில் இருந்தது.

இதற்கு வழி ரொம்பச் சுலபம், யாரும் யோசிக்காததுதான் குறை. உள்ளே போகும் முன்பே டெக்னீஷியனும் நோயாளியும் இரண்டு சைகை பேசிக்கொள்ள வேண்டும். கை மேலே போனால் மூச்சை இழுத்துப் பிடி, கீழே வந்தால் விடு. டெக்னீஷியன் கண்ணுக்குத் தெரிய முடியாத இடம் என்றால், ஈய அங்கி போட்ட இன்னொருவர் எதிரில் நிற்கட்டும். அல்ட்ராசவுண்டில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். தோளில் ஒரு தட்டு என்றால் இழு, இரண்டு தட்டு என்றால் விடு. எம்ஆர்ஐ என்றால் காதுக்கருவியைக் கழற்ற வேண்டும். காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது ஆபரேஷன் செய்து உள்ளே பொருத்திய கேட்கும் கருவி, வைத்தவர் என்றால் அதை முதல் வேலையாக, எழுத்தில் சொல்லிவிட வேண்டும். உள்ளே காந்தம் இருக்கிறது.

அம்மாவின் ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து டாக்டர் செய்ததை நான் மறக்க மாட்டேன். தியேட்டருக்குள் மாஸ்க்கைக் கழற்ற முடியாது என்பதால், அவரே வெளியே வார்டுக்கு வந்து, மாஸ்க் இல்லாமல் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்தார். முதுகைத் தொட்டு ஊசி என்று காட்டினார். காலைத் தொட்டு, கையைத் தொங்கப் போட்டு, மரத்துப் போகும் என்று காட்டினார். வயிற்றுக்கு மேலே துணி கட்டுவோம் என்று ஒரு கையால் திரை போட்டார். வலித்தால் என் கையை அழுத்துங்கள் என்று தன் கையை நீட்டினார். சைகை மொழி ஒரு வார்த்தைகூடத் தெரியாத மனிதர். அம்மா ஒவ்வொன்றையும் திருப்பிச் செய்து காட்டினார். மொத்தம் நாலு நிமிடம் ஆகியிருக்கும்.

ஐவி ஊசியை இடது மணிக்கட்டில் போடச் சொல்லிக் கேட்டதும் அவரிடம்தான். முதல் தடவை அட்மிட் ஆனபோது வலது புறங்கையில் குத்தி, அட்டை வைத்துப் பிளாஸ்திரி சுற்றிவிட்டார்கள். வலக்கைக்காரிக்கு வலது கையைக் கட்டிவிட்டால் வாயைக் கட்டிய மாதிரி. ஐசியூவில் குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்று இரண்டு கையையும் கட்டிலோடு கட்டும் பழக்கம் இருக்கிறது. காது கேளாதவர் என்றால் அதற்கு முன் ஒரு முறை யோசியுங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். கண்ணாடி போடுகிறவர்கள் என்றால் தியேட்டருக்குள் கழற்றி வாங்குவதை ஒரு உறையில் போட்டு, கண் விழித்ததும் முதலில் அதைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

ராத்திரி ஊசிக்கு வருகிற சிஸ்டர் இருட்டில் தோளைப் பிடித்து உலுக்கினால் யாராக இருந்தாலும் அலறுவார்கள். அம்மா அலறினார், வார்டே எழுந்தது. மறுநாள் ஒரு அட்டையில் சிவப்பு எழுத்தில் எழுதித் தலைமாட்டில் ஒட்டினேன்: “இவருக்குக் காது கேட்காது. முதலில் லைட் போடவும். பிறகு காலைத் தொடவும்.” அதற்குப் பிறகு அந்தத் தொந்தரவு இல்லை. ஓபியிலும் இதே முறைதான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஆள் வரவில்லை என்று சீட்டை அடியில் வைத்து, மதியம் வரை உட்கார்ந்திருந்த நாட்கள் எங்கள் வீட்டில் எத்தனையோ. சீட்டின் மேலேயே “காது கேட்காது, கையசைத்துக் கூப்பிடவும்” என்று எழுதி, கூப்பிடுகிறவர் கண்ணில் படுகிற இடத்தில் உட்கார வேண்டும். போன் நம்பர் எழுதும் இடத்தில் “வாட்ஸ்அப் மெசேஜ் மட்டும்” என்று சேர்த்து எழுதுங்கள். லேபிலிருந்து அப்பாவின் நம்பருக்கு நாலு தடவை கூப்பிட்டு, எடுக்கவில்லை என்று ரிசல்ட்டை அப்படியே வைத்துவிட்ட கதை எங்களுக்கு உண்டு.

ஒரு பக்கத் தாள் ஒன்று வீட்டில் தயாராக இருக்கட்டும். பெயர், ரத்த குரூப், இருக்கிற நோய்கள், சாப்பிடுகிற மாத்திரைகள், ஒத்துக்கொள்ளாத மருந்து, மொழிபெயர்ப்பவரின் வாட்ஸ்அப் நம்பர். அம்மா அதை லேமினேட் செய்து கைப்பையில் வைத்திருக்கிறார். காது கேளாதவர்கள் தனியாக இருக்கும் வீடு என்றால் 108-ஐக் கூப்பிட்டுப் பேச முடியாதே. “உடனே வாங்க, 108 கூப்பிடுங்க” என்று வீட்டு முகவரியோடு முன்கூட்டியே டைப் செய்த மெசேஜை அக்கம்பக்கத்தில் மூன்று பேருக்கு ஒரே தட்டில் போகிற மாதிரி வைத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை அனுப்பிச் சோதித்துப் பார்க்கிறோம்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 25-ஆம் பிரிவு மருத்துவத்துக்கானது. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டிலும் தடையற்ற அணுகல் வேண்டும், பார்ப்பதிலும் சிகிச்சையிலும் முன்னுரிமை வேண்டும் என்று அது சொல்கிறது. தடை என்றால் படிக்கட்டு மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். அதே சட்டம் தகவல் தொடர்பு என்பதற்குள் சைகை மொழியையும் சேர்த்திருக்கிறது. நான் அந்தப் பிரிவை ஒரு தாளில் அச்சிட்டு ஃபைலில் வைத்திருக்கிறேன். சண்டைக்கு அல்ல. வீடியோ கால் கூடாது என்று ஒரு தனியார் மருத்துவமனையில் தடுத்தபோது, நிர்வாகியிடம் அமைதியாகக் காட்டினேன், வாசித்துவிட்டு அனுமதித்தார். டெல்லியில் 2015-இல் தொடங்கிய இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் பத்தாயிரம் சொற்கள் கொண்ட வீடியோ அகராதி வெளியிட்டிருக்கிறது. மருத்துவச் சொற்களும் அதில் உண்டு. அம்மாவின் தலைமுறைச் சைகைகள் சில அதிலிருந்து வேறுபடும், ஆனாலும் எங்கள் பக்கத்து நர்சிங் மாணவி ஒருத்தி அதைப் பார்த்தே வலி, காய்ச்சல், மாத்திரை என்று முப்பது சொல் கற்றுக்கொண்டாள்.

போன வருடம் அம்மாவுக்குச் சுகர் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். முதல் நாள் ராத்திரி பக்கத்து அறையிலிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் வந்தது: “நாளை ஆஸ்பத்திரி நான் போ. டீச்சர் வீடியோ வரும். நீ வேலை போ.”

நான் வேலைக்குப் போனேன். பகலெல்லாம் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். சாயங்காலம் வந்ததும் அம்மா தன் நோட்டைத் திறந்து காட்டினார். டாக்டர் அறையில் உட்கார்ந்து அவரே எழுதியது. ஒரு சூரியன், ஒரு தட்டு, அதற்கு முன்னால் ஒரு மாத்திரை. சீனி மேலே ஒரு பெருக்கல் குறி. மூன்று மாதம் கழித்து வர வேண்டிய தேதி. அதற்கும் கீழே இரண்டு வரி இருந்தது. அதன்மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டுதான் அம்மா நோட்டை என் பக்கம் நீட்டியிருந்தார்.